மேல்வீட்டை நாள்வாடகைக்கு விட்டபோது

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே நானும் மனைவியும் குடியிருக்கிறோம். மூன்று அறைகள் கொண்ட மேல்வீட்டில் பதினொரு வருடங்களாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருந்தது. 2023 இறுதியில் அவர்கள் விலகிய பின்னர், வெளிநாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து சில நாட்கள் தங்கிச் செல்பவர்களுக்கு அந்த மேல்வீட்டை விடத் தொடங்கினோம். இதே யோசனையுடன் என்னிடம் விசாரிக்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஓர் இரவுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதையே. வருடக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆகையால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான முதலாம் ஆண்டில் 191 இரவுகள் ஆட்கள் தங்கினார்கள். இரவொன்றுக்குச் சராசரியாக 15,500 ரூபா வீதம் ஏறத்தாழ 29 லட்சத்து 60 ஆயிரம் ரூபா வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொப்பியில் சதம் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறேன். முன்பதிவுத் தளங்களுக்கான தரகு 2 லட்சத்து 10 ஆயிரம், துப்புரவுக்கு வரும் அம்மாவின் சம்பளம் 4 லட்சத்து 80 ஆயிரம், விரிப்புகளும் துவாய்களும் வெளுக்கக் கொடுத்தது 1 லட்சத்து 60 ஆயிரம், மின்சாரம், தண்ணீர், காஸ், இணையம் எல்லாம் சேர்ந்து 5 லட்சத்து 20 ஆயிரம், திருத்த வேலைகளும் உடைந்தவற்றுக்குப் பதில் வாங்கியதும் 2 லட்சத்து 90 ஆயிரம், சவர்க்காரம், தேயிலை, குடிதண்ணீர்ப் போத்தல் போன்ற சில்லறைச் செலவுகள் 70 ஆயிரம். இவற்றைக் கழித்தால் மிஞ்சியது 12 லட்சத்து 30 ஆயிரம். பழைய வாடகை மாதம் 90,000 ரூபாவாக இருந்தது; அதாவது வருடத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். ஒரு வருடம் முழுவதும் அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் எழும்பிக் கதவு திறந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி ஒன்றரை லட்சம் ரூபாதான். தளபாடம், ஏசி, குளியலறைத் திருத்தம் என்று மூலதனமாகப் போட்ட 19 லட்சத்தை அந்த வேகத்தில் எடுப்பதானால் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் செல்லும்.

இந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது 2018இல். அந்த ஆண்டில் இலங்கைக்கு 23 லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், கொழும்பில் எவரைப் பார்த்தாலும் அறை வாடகையைப் பற்றியே பேசினார்கள். வாடகைக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்ததால் மனைவி விடவில்லை. அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு நண்பர் மட்டும் வங்கிக் கடன் எடுத்து வீட்டை மாற்றினார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள், 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு, 2022இன் எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும் என்று அடி மேல் அடி விழுந்தது. 2021இல் நாட்டுக்கு வந்த பயணிகள் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நண்பர் வானை விற்றுத் தவணை கட்டினார். அந்தக் காலம் முழுவதும் எங்கள் மேல்வீட்டு வாடகை, 2020இல் மூன்று மாதங்கள் அரைவாசியாகக் குறைத்துக்கொண்டது தவிர, மாதத்தின் முதல் கிழமையிலேயே வந்து சேர்ந்தது. ஆகவே கடன் எடுத்து இதில் இறங்க வேண்டாம் என்பதை நான் எவருக்கும் தயங்காமல் சொல்வேன்.

குடியிருப்பவர்களை எழுப்புவது பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடுகளில் விடயம் இன்னும் சிக்கலானது. எங்களுடையது ஒழுங்காக எழுதிய இரண்டு வருட உடன்படிக்கை, முடியும் திகதி தெளிவாக இருந்தது. இருந்தும் எட்டு மாதங்களுக்கு முன்பே சொல்லி, அவர்கள் தெஹிவளையில் வீடு பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்தோம். முற்பணத்தில் ஒரு ரூபாகூடக் கழிக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக நாள்வாடகைக்கு மாறுவதால்தான் வெள்ளவத்தையில் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது கடினமாகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

எங்கள் முதலாவது விருந்தினர்கள் ரொறன்ரோவிலிருந்து வந்த ஏழு பேர். விமானம் நள்ளிரவுக்குப் பின் இறங்கி, கட்டுநாயக்கவிலிருந்து வான் எங்கள் வாசலுக்கு வந்தபோது அதிகாலை மூன்றரை மணி. இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது குளியலறையைத்தான் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மூவர் குளித்து முடித்தார்கள். நான்காவதாகப் போன பையன் தலையெல்லாம் ஷாம்பூ நுரையுடன் கதவை அரைவாசி திறந்து, "அங்கிள், தண்ணி நிண்டுட்டுது!" என்று கத்தினான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, கைவிளக்கை அடித்துப் பார்த்தால் தாங்கியின் அடியில் நாலு விரல் தண்ணீர்கூட இல்லை. அது 500 லீற்றர்த் தாங்கி. பதினொரு வருடம் அங்கே இருந்த குடும்பம், பின்னேரத்திலேயே இரண்டு வாளி பிடித்து வைத்து, ஆளுக்கொரு நேரம் என்று பங்கிட்டுக் குளித்து, ஒரு நாளாவது முறையிடாமல் அதனுடன் வாழ்ந்திருக்கிறது. கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டரைப் போட்டு நீர் ஏறும்வரை, எங்கள் குளியலறையிலிருந்து மனைவி வாளி வாளியாகத் தூக்கிக் கொடுத்தா. மறுகிழமையே இரண்டு 1,000 லீற்றர்த் தாங்கிகள் வைத்து, நீர்மட்டம் குறைந்தால் தானாகவே மோட்டர் போடும் மிதவை ஆளியையும் பொருத்தினேன்.

நிரந்தரமாக இருப்பவர் வீட்டின் குறைகளுக்குத் தம்மைப் பழக்கிக்கொள்வார்: எந்தக் கதவை அழுத்தித் தள்ள வேண்டும், எந்தக் குழாயை இறுக்கித் திருக வேண்டும், எந்த ஆளியைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்துவிடும். இரண்டு நாளைக்கு வருபவருக்கு அவை ஒன்றும் தெரியாது. ஆகவே தளபாடம் வாங்குவதற்கு முன், சொந்தக்காரர் தாமே ஒரு கிழமை அந்த வீட்டில் படுத்தெழும்ப வேண்டும். முடிந்தால் உறவினர் ஐந்தாறு பேரைக் கூட்டிவந்து ஒரே காலையில் எல்லோரையும் குளிக்கச் செய்ய வேண்டும். நாங்கள் அதைப் பின்னால்தான் செய்தோம். அப்போது கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சிறுபிள்ளை திறக்க முடியாதபடி இறுகியிருந்ததைக் கண்டுபிடித்தவள் என் தங்கையின் பேத்தி, அழுதழுது.

கடலருகில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் வரும் வீட்டில் துரு என்பது அழுக்காகவே பார்க்கப்படும் என்பதே வித்தியாசம். 304 என்ற தரத்துத் துருப்பிடிக்காத உருக்கில் செய்த கைப்பிடிகளில்கூட ஒரு வருடத்துக்குள் தேநீர்க் கறை போன்ற பழுப்பு படர்ந்தது. 316 தரம் விலை கூடினாலும் தாங்குகிறது. ஏசியின் வெளிப்பெட்டிகளைக் கடல் பக்கச் சுவரில் மாட்டியது என் தவறு. அவற்றைக் காலி வீதிப் பக்கமாக மாற்றி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறோம். ஆட்கள் இல்லாத நாட்களில் குளியலறைத் தரையின் வடிகாலில் தேங்கி நிற்கும் நீர் வற்றிப்போய், கான் நாற்றம் அறைக்குள் வரும். புதியவர் வருவதற்கு முதல்நாள் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். தேங்கிய நீர் இருக்கும் பூச்சாடித் தட்டுகளையும் பீலிகளையும் கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கொழும்பில் நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கு வீட்டுக்காரருக்கே.

மின்சாரத்தில்தான் நான் நன்றாக அடிவாங்கினேன். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிமுறையானது. மாதம் 180 அலகுகளைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு அலகுக்கும் ஆக உயர்ந்த விலை. 12,000 பீடியூ அளவுள்ள பழைய வகை ஏசி ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகைத் தின்னும் என்று வைத்துக்கொண்டால், மூன்று அறைகளில் எட்டு மணித்தியாலம் ஓடும்போது ஒரே இரவில் இருபது அலகு தாண்டும். ஒன்பது நாட்களில் 180 முடிந்துவிடும். ஏசிக்கு மட்டும் தனியாகப் பணம் வாங்கிப் பார்த்தேன். இலண்டனிலிருந்து வந்த ஒரு பெரியவர், "சொந்தச் சனத்திட்ட மீட்டர் பாத்துக் காசு வாங்குறியளோ?" என்று கேட்டார். அன்றோடு அதை விட்டுவிட்டு, நாள்வாடகையிலேயே சேர்த்துக்கொண்டேன். இன்வேட்டர் ஏசிகள் மாற்றியதும், வெளியே போகும்போது நிறுத்திவிட்டுச் செல்லும்படி தமிழில் கையால் எழுதி ஆளிக்குப் பக்கத்தில் ஒட்டியதும் ஓரளவு பலன் தந்தன. முன்பு ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டியதை ஒருவரும் வாசிக்கவில்லை. தங்குமிடமாக நடத்தும்போது மின்சாரக் கட்டண வகையையும் மின்சாரம் வழங்குவோரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஹோட்டல்களுக்கென்று தனிக் கட்டண வகை உண்டு.

பதிவு விடயத்தில் குறுக்கு வழி தேட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தங்குமிடங்களைப் பதிவு செய்கிறது. ஹோம்ஸ்டே, விருந்தினர் இல்லம், வாடகை வீடு, வாடகைத் தொடர்மாடி எனப் பல வகைகள் உண்டு. சொந்தக்காரர் அதே வளவில் குடியிருப்பதால் எங்களுடையது ஹோம்ஸ்டே. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொடர்மாடியில் வீடு வைத்திருப்பவர்கள் ஒரு சதம் செலவழிக்கும் முன்பே அங்குள்ள முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது. நாள்வாடகையை விரும்பாத கட்டடங்கள் வெள்ளவத்தையில் நிறைய. வருமான வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான வருட விலக்கு 18 லட்சம் ரூபா. வேறு வருமானங்களையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

தங்குபவர்களின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு விபரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். இதைக் கேட்பதற்கு வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வயதானவர்களோ நான் வாய் திறக்கும் முன்பே அட்டையை எடுத்து நீட்டுவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டு, மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்திய 2007 ஜூன் 7ஆம் திகதியை மறக்காதவர்கள் அவர்கள். அந்த அட்டையை வாங்கும்போது என் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கும். விபரத்தை எழுதியதும் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒருபோதும் இரவுக்கு வைத்துக்கொள்வதில்லை.

எனது பெரிய தவறு, வரப்போகிறவர் யார் என்பதைத் தவறாக நினைத்தது. தோளில் பையுடன் வரும் வெள்ளைக்காரத் தம்பதியை மனதில் வைத்து அறைகளை ஒழுங்கு செய்தேன். அவர்கள் வந்தார்கள்தான், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். பெரும்பாலும் வந்தவர்கள் எங்கள் ஆட்களே: ஆடிவேலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து போகும் வழியில் தங்குபவர்கள், கல்யாணத்துக்கு வருபவர்கள், விசா நேர்முகத்துக்கோ மருத்துவப் பரிசோதனைக்கோ வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். இவர்களுக்கு இரட்டைக் கட்டிலைவிடத் தனிக்கட்டில்களும், சுருட்டி வைத்த நாலு மெத்தைகளும்தான் தேவைப்பட்டன. ஆசையாக வாங்கிப் போட்ட குசினிச் சாமான்களில் கேத்தலும் பால் காய்ச்சும் சட்டியும் மாத்திரமே அடுப்பேறின. ஒழுங்கை முனையிலேயே சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கும்போது யார் சமைப்பார்கள்? ஆனால் விரதகாரர் ஒருவர் வந்து, "இந்தச் சட்டியில மச்சம் சமைச்சதோ?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது மரக்கறிக்கென்று ஒரு தொகுதி தனி அலுமாரியில் இருக்கிறது. வெள்ளைத் துவாய்களும் மஞ்சள், குங்குமம், மருதாணிக்கு முன் நிற்கவில்லை. கடும் நிறத் துவாய்களுக்கு மாறிவிட்டோம்.

நேரக்கணக்கும் அப்படித்தான். தளங்கள் சொல்லும் வழமைப்படி பிற்பகல் இரண்டு மணிக்கு வரவு, காலை பதினொரு மணிக்கு வெளியேற்றம் என்று போட்டிருந்தேன். யாழ்ப்பாண பஸ் காலி வீதியில் ஆட்களை இறக்குவது விடிவதற்கு முன். இங்கிருந்து புறப்படுவது இரவில். பதினொரு மணிக்கு வெளியேறியவர் ஐந்து பெட்டிகளையும் ஒரு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இரவுவரை எங்கே நிற்பார்? கீழ் விறாந்தையின் ஓரத்தை மறித்துப் பெட்டிகள் வைக்க ஓர் அறையும், பக்கத்தில் குளிக்க ஒரு சிறிய குளியலறையும் கட்டினோம். 19 லட்சத்துக்குள் அதற்குப் போன இரண்டரை லட்சத்தைப் போல் பயன் தந்த செலவு வேறில்லை.

கல்யாணக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் என்று சொல்லி ஐந்து நாட்களுக்கு எடுத்திருந்தார்கள் இலண்டன் குடும்பமொன்று. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு மேலே பார்த்தால் படியெல்லாம் செருப்பு. ஐம்பது பேருக்குக் குறையாது. கூடத்தின் நடுவில் ஆசாரியார் சம்மணமிட்டு இருந்து, மண்சட்டியில் கரி மூட்டி, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். பொன்னுருக்கு! மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கை நடத்துவதற்கு அவர்களுக்குக் கொழும்பில் இருந்த ஒரே வீடு என் மேல்வீடுதான். கோபத்துடன் ஏறிய என்னை மாப்பிள்ளையின் தாய் வாசலில் மறித்து, "அண்ணை, எங்களுக்கு இஞ்ச வேற வீடெது?" என்றா. பிறகென்ன, உருக்கி எடுத்த பொன் தட்டில் சுற்றி வந்தபோது நானும் தொட்டுக் கும்பிட்டேன். அவர்கள் போனபின் பார்த்தால், சட்டி இருந்த இடத்தில் மாபிளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வட்டமும், அதன் குறுக்கே வெடிப்பும். அந்த ஒரு மாபிளுக்கு ஒத்தது கடையில் கிடைக்கவில்லை. இன்றும் ஒரு பாய்க்குக் கீழே இருக்கிறது. இப்போதெல்லாம் முற்பணம் வாங்கும்போதே வீட்டில் ஏதாவது சடங்கு வைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். வைப்பதானால் எத்தனை பேர், எத்தனை மணி என்று பேசி, தனிக் கட்டணம் வாங்கி, பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லி, கரிச்சட்டிக்குக் கீழே வைக்க இரண்டு செங்கற்களையும் நானே கொடுக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா முதல் மூன்று மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான், அதிகாலையில் ஓட்டோக்களின் ஹோர்ன் சத்தம் அவவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. இப்போது வாகன இலக்கத்தை முன்பே வாங்கி, சாரதிக்கு நானே எடுத்து, ஹோர்ன் அடிக்க வேண்டாம், கேற் திறந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். என் தொலைபேசி இலக்கத்தையும் அவவிடம் கொடுத்து, எந்நேரமும் எடுக்கலாம் என்றேன். இரண்டு தடவைதான் எடுத்திருக்கிறா. ஒன்று எங்கள் தாங்கி நிரம்பி வழிவதாகச் சொல்ல.

இரண்டாம் ஆண்டில் முறையை மாற்றினோம். முதலாம் ஆண்டில் 74 தொகுதி ஆட்கள் வந்துபோயிருந்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு துப்புரவு, ஒரு மூட்டை உடுப்பு, ஓர் அதிகாலை. தளங்களில் குறைந்தது ஐந்து இரவுகள் என்று மாற்றி, மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு நாள்வாடகையைக் குறைத்து, மார்கழியிலிருந்து மாசி வரை கனடாவின் குளிருக்குத் தப்பி வரும் வயதானவர்களைத் தெரிந்தவர்கள் மூலம் தேடிப் பிடித்தோம். சுற்றுலா விசா முதலில் முப்பது நாட்களுக்கே கிடைப்பதால், மூன்று நாலு கிழமை என்பது அவர்களுக்கும் பொருத்தமாக அமைந்தது. அந்த ஆண்டில் 23 தொகுதிகள், 208 இரவுகள். சராசரி 13,000 ரூபா வீதம் வந்தது 27 லட்சத்து 4 ஆயிரம். முந்திய ஆண்டைவிடக் குறைவுதான். ஆனால் செலவு 17 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கியதால், கையில் 16 லட்சத்துக்கு மேல் நின்றது. துப்புரவுக்கு வரும் அம்மா இப்போது கிழமைக்கு மூன்று நாட்களே வருகிறா; மற்ற நாட்களில் அவவுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தோம்.

சென்ற தையில் ஆறு கிழமை இருந்துவிட்டுப் போன ஒரு தம்பதியர், புறப்படும்போது தங்கள் றைஸ் குக்கரையும், இரண்டு போர்வைகளையும், ஒரு சின்னப் பிள்ளையார் படத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சொல்லி, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார்கள். அடுத்த மார்கழிக்கும் அதே அறைதான் வேண்டும் என்றார்கள். கொப்பியில் அவர்கள் பெயருக்கு நேரே, திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன்.